வெள்ளை ஏரியாவுக்கு வெள்ளைச் சேலை

எனக்குத் தெரியாத ஒன்றை இன்னொருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. கேட்டால், நமக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரிந்துபோகும். அதற்குத் தெரியாமலே இருந்துவிட்டுப் போகலாம். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ரெண்டாம் வகுப்போடு நான் நின்றதுகூட இதனால்தான். (வாத்தியார் "புரியாதவங்க கையைத் தூக்குங்க" என்பார். நான் ஒரு நாளும் தூக்கியதில்லை. எல்லாம் புரிந்த பிள்ளை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார், பரீட்சை வரைக்கும்.)

போன மாதம் என் பேரன் லேடாங் மலை ஏறப் போகிறேன் என்று முதுகில் ஒரு மூட்டையோடு வந்து நின்றான். மழைக்காலமாச்சே என்றால், "போன்ல பார்த்துட்டேன் பாட்டி, மேல எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்லா" என்கிறான். போனுக்கு என்ன தெரியும்? அது ஏறிப் பார்த்ததா? ஐப்பசி மழையில் அந்த மலை ஏறுகிறவர்கள் என்ன எதிர்பார்க்கலாம் என்று நான் சொல்கிறேன். அட்டையை எதிர்பார்க்கலாம். வழுக்கலை எதிர்பார்க்கலாம். உச்சியில் நின்றால் ஒன்றுமே தெரியாது என்பதை எதிர்பார்க்கலாம். மற்றபடி எனக்கு நடந்தது உங்களுக்கு நடக்காது. அதற்குத் தனி முட்டாள்தனம் வேண்டும், அது எனக்கு அந்த வயசில் நிறைய இருந்தது.

அப்போது எனக்குப் பத்தொன்பது. அசஹான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் உளியால் மரத்தைக் கீறிப் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். அவசரகாலம் தொடங்கிப் பல வருஷம் ஆகியிருந்தது. காட்டில் கம்யூனிஸ்டுகள், அவர்களைத் தேடிப் பட்டாளம், நடுவில் எங்கள் லயத்து வீட்டு வரிசையைச் சுற்றி முள்கம்பி வேலி. காலையில் வேலைக்குப் போகும்போது கேட்டில் நிறுத்தித் தடவிப் பார்ப்பார்கள். ஒரு பிடி சோறு வெளியே போகக் கூடாது. காட்டுக்காரனுக்குக் கொடுத்துவிடுவோமாம். வெறும் வயிற்றோடு நிரை நிரையாக மரம் வெட்டுவேன். ஒவ்வொரு நிரை முடிகிற இடத்திலும் மரங்களுக்கு மேலே லேடாங் மலை உட்கார்ந்திருக்கும். சாப்பிட்டு முடித்த ஆள் மாதிரி.

அப்புறம் ஒவ்வொரு இடமாக "வெள்ளை ஏரியா" ஆக்கினார்கள். ஆபத்து தீர்ந்த இடம், கட்டுப்பாடு இல்லை என்று அதற்கு அர்த்தம். இது இப்போது தெரியும். அன்றைக்கு எங்கள் காதில் விழுந்தது, கறுப்பு ஏரியாவில் போனால் சுடுவான், வெள்ளை ஏரியாவில் போனால் சுட மாட்டான், அவ்வளவுதான். எங்கள் தோட்டத்து வேலியைத் திறந்துவிட்டும் மலையை மட்டும் ரொம்ப நாள் மூடியே வைத்திருந்தார்கள்.

அந்தத் தீபாவளிக்கு மலாக்கா டவுனிலிருந்து எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு சைக்கிள் ரிப்பேர் கடை. அவருடைய அம்மாவும் அப்பாவும் வந்து, என்னைப் பார்த்து, பலகாரம் சாப்பிட்டு, பிடித்துப்போய்விட்டது. மாப்பிள்ளை வரவில்லை. கடையில் வேலையாம். அதை நான் பிடித்துக்கொண்டேன். முகம் காட்டாத ஆளுக்கு நான் கழுத்தை நீட்ட மாட்டேன்.

"பேரையாவது கேளேண்டி," என்றாள் அம்மா.

காதைப் பொத்திக்கொண்டேன். பேரைக் கேட்டால் பாதி சம்மதம் என்று ஆக்கிவிடுவார்கள்.

அப்பாவுக்குக் கோபம் வந்தது. லயத்து வாசலில் நின்று, "வேணும் வேணாம்னு சொல்றதுக்கு நீ யாரு?" என்றார்.

"கட்டிக்கப் போறவ."

"ஓகோ! அந்த லேடாங் உச்சியில ஏறிட்டு வா. வந்து சொல்லு, வேணுமா வேணாமான்னு. அப்போ கேட்டுக்கறேன்."

லயமே சிரித்தது. அப்பா அதைப் பேச்சுவாக்கில் சொன்னார். நான் வாக்காகவே எடுத்துக்கொண்டேன். "எல்லாரும் கேட்டுக்குங்க! ஏறிட்டு வந்தா என் இஷ்டம். ஏறலைன்னா இவங்க காட்டுற ஆளுக்கு வாயைத் திறக்காம கழுத்தை நீட்டறேன்," என்றேன். மழைக்காலம், பொம்பளைப் பிள்ளை, மலை வேறு மூடிக் கிடக்கிறது. அப்பா நிம்மதியாகப் போய்ச் சாப்பிட்டார்.

அடுத்த வாரமே மலை திறந்தது.

செய்தி சொன்னவர் எங்கள் டிரெஸ்ஸர் ஐயா. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர். வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிற நல்ல மனுஷர். அவருக்குக் காட்டுப் பூச்செடி என்றால் உயிர். "மலையும் வெள்ளையாயிடுச்சு, சின்னப்பொண்ணு. ஞாயித்துக்கிழமை செடி பார்க்கப் போறேன், என் மகளும் வர்றா. உன் சபதத்துக்கு நீயும் வர்றியா?" என்று கேட்டார். (என் முழுப்பேர் மீனாட்சி. அது அடையாளக் கார்டில் மட்டும்தான். தோட்டத்தில் எல்லாருக்கும் நான் சின்னப்பொண்ணு.)

வருகிறேன் என்றேன். அன்றைக்கு மரம் வெட்டிக்கொண்டே யோசித்தேன். தோட்டத்தில் நம் முகம் எல்லாருக்கும் தெரியும். மலையில் யாருக்குத் தெரியும்? எட்ட நின்று துப்பாக்கி பிடிக்கிற பட்டாளத்துக்காரனுக்கு நிறம்தானே தெரியும்? மலையை வெள்ளை ஆக்கிவிட்டார்கள். அப்படியென்றால் போகிறவர்களும் வெள்ளையாகத்தான் போக வேண்டும். டிரெஸ்ஸர் ஐயாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் கேட்கிற ஆளா? அவரைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. போதாதா? (அவர் வருஷம் முந்நூற்றறுபத்தைந்து நாளும் அதைத்தான் போட்டிருப்பார்.)

எங்கள் வீட்டில் வெள்ளைச் சேலை கிடையாது. நாலு வீடு தள்ளி அம்மாக்கண்ணு அக்கா இருந்தார். புருஷன் போய் ஆறு வருஷம். அவரிடம் போனேன்.

"எதுக்குடி உனக்கு வெள்ளைச் சேலை?"

"புட்டு அவிக்க, அக்கா. பானை வாயில வேடு கட்டத் துணி வேணும்."

"முழுச் சேலையுமா? எத்தனை பேருக்குடி புட்டு?"

"நெறைய பேருக்கு."

வெள்ளைச் சேலை யார் கட்டுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் குண்டுக்கு நம் சம்பிரதாயம் தெரியுமா? ஞாயிறு விடியக்காலை அதைக் கட்டிக்கொண்டு, கண்ணாடி வளையலைக் கழற்றினேன். அதில் சிவப்பு இருந்தது. தலையில் பூ வைக்கவில்லை. குங்குமமும் சிவப்புத்தானே, அதை அழித்துவிட்டுத் திருநீறை அள்ளிப் பட்டையாகப் பூசினேன். எந்தப் பக்கத்திலிருந்து குறி பார்த்தாலும் வெள்ளை. மேலே அப்பாவின் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, ஒரு டின் நிறைய தீபாவளி முறுக்கையும் தூக்கிக்கொண்டு லாரியில் ஏறினேன். அத்தனை வருஷம் ஒரு பிடி சோறு வெளியே கொண்டுபோக முடியாத வயிறு அது. கூடுதலாகவே கட்டும்.

மலையடிவாரத்தில் கம்பளியை எடுத்தேன். டிரெஸ்ஸர் ஐயா பார்த்து முகம் மலர்ந்தார். "அடடே! கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கியே!"

அவர்கள் கோயிலில் கல்யாணப் பெண்ணுக்கு வெள்ளைச் சேலை. அவருக்கு அதில் ஒரு குற்றமும் தெரியவில்லை. நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன். அவர் மகள் ரோஸ்மேரி, டவுனில் படிக்கிற பிள்ளை, பூப் போட்ட சட்டைக்கு மேல் மழைக்கோட்டு மாட்டி, வாயில் மிட்டாயோடு நின்றாள். பாவம், வண்ண வண்ணமாக வந்திருக்கிறாளே, சுடப்போகிறான் என்று அவளுக்காக ஒரு நிமிஷம் கவலைப்பட்டேன்.

வழிகாட்ட வந்தவர் பாக் ஹசான் என்கிற மலாய்ப் பெரியவர். தோட்டத்திலேயே வளர்ந்தவர், என்னைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். அவரோடு நெட்டையாக ஒரு இளவட்டம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றது. "லூபோக் சீனாவில இருந்து வர்றேன். பேரு தங்கராஜு. நானும் மலை ஏறிப் பார்க்கணும்னு ஆசை," என்றார். டிரெஸ்ஸர் ஐயா, தாராளமாக வாங்க என்றார். அந்த ஆள் ரோஸ்மேரியை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். பார்த்ததும் முகம் வாடி, குனிந்து, என் கையிலிருந்த முறுக்கு டின்னை வாங்கிக்கொண்டார்.

"கொடுங்க அக்கா. நான் தூக்கிட்டு வர்றேன்."

அக்காவா! அவருக்கு இருபத்தைந்து வயசு இருக்கும். யாருக்கு யார் அக்கா?

ஏற ஆரம்பித்தோம். மழை பெய்வது மாதிரியும் இருந்தது, நிற்பது மாதிரியும் இருந்தது. மண் என்று மிதித்தால் வேர், வேர் என்று பிடித்தால் பாசி. "லிச்சின், லிச்சின்" என்று பாக் ஹசான் எச்சரித்துக்கொண்டே போனார். வழுக்கும் என்று அர்த்தம். அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் வழுக்கியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் அந்தத் தங்கராஜு ஓடி வந்து, "பார்த்து அக்கா, மெதுவா அக்கா," என்று குச்சியை நீட்டுவார். ரோஸ்மேரி விழுந்தால் மட்டும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். இன்னும் சொன்னால், அவளை விழவைப்பதற்கே வந்தவர் மாதிரி நடந்துகொண்டார். "முன்னால புலித் தடம் மாதிரி இருக்கே," என்பார். "இந்த மழையில போனவங்க திரும்பினதா கேள்விப்படலை," என்பார். நடுவில் நடுவில் என் டின்னைத் திறந்து, "சாப்பிடும்மா, நல்ல முறுக்கு," என்று அவளுக்குக் கொடுப்பார். அந்தப் பிள்ளையும் வாங்கி வாங்கித் தின்றது.

பாதி மலையில் ஒரு பெரிய பாறை. ரோஸ்மேரி அதில் உட்கார்ந்தாள். "டாடி, ஐ கான்ட் லா. வயிறு ஃபுல்லு," என்றாள்.

தங்கராஜு முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். டிரெஸ்ஸர் ஐயா மகளோடு நின்றுவிட்டார். அவருக்கு வேண்டிய செடி அங்கேயே கிடைத்துவிட்டது. "நீ போயிட்டு வா, பாக் ஹசான் சாட்சி," என்று என்னை அனுப்பினார்.

அதற்கு மேலேதான் மலை. கீழே ஏறியது படிக்கட்டு. கையும் காலும் ஊன்றி, சேலையை முழங்கால் வரைக்கும் சுருட்டிச் செருகிக்கொண்டு ஏறினேன். மூச்சு விட்டால் மார்பில் உளியால் கீறுகிற மாதிரி இருந்தது. திரும்பிவிடலாம் என்று ஒவ்வொரு கல்லிலும் தோன்றியது. ஒவ்வொரு கல்லிலும் லயத்தின் சிரிப்பும் கேட்டது. சிரிக்கட்டும், வந்து வைத்துக்கொள்கிறேன் என்று அடுத்த கல்லைப் பிடிப்பேன்.

ஒரு இடத்தில் மூச்சு வாங்க நின்றேன். கால் முழுக்க அட்டை. குனிந்து பிய்த்து எறிந்துகொண்டிருந்தேன். தங்கராஜு முன்னால் போய் நின்று, மரியாதையாக வேறு பக்கம் பார்த்தபடி, தொண்டையைச் செருமினார்.

"இந்த வயசிலயே உங்களுக்கு இப்படி ஆயிடுச்சே அக்கா. பாவம்."

"ஆமா, ரொம்பத்தான் பாவம்," என்றேன், ஒன்றைப் பிய்த்துக்கொண்டே.

"எப்போ ஆச்சு?"

"கீழ, ஓடையைத் தாண்டினதும்."

"இந்த மலையிலயேவா!"

"பின்ன? ஒண்ணு போனா ஒண்ணு வருது. இதோட மூணு."

அவர் கையிலிருந்த குச்சி கீழே விழுந்தது. "மூணா?" என்றார், ரொம்ப மெதுவாக.

"மூணையும் நானேதான் பிய்ச்சு எறிஞ்சேன். சும்மா விட்டா ரத்தத்தைக் குடிச்சிடாதா?"

கொஞ்ச தூரம் வரைக்கும் அவர் என் பக்கத்தில் வரவில்லை.

உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு குடைவான பாறை. மழை வலுக்கவே மூவரும் அதில் ஒதுங்கினோம். அங்கேதான் அவருக்கு மனசு திறந்தது. "உங்ககிட்ட சொல்றதுக்கென்ன அக்கா. நான் லூபோக் சீனா ஆளு இல்லை. மலாக்கா. டவுன்ல சைக்கிள் கடை வச்சிருக்கேன்."

முகம் காட்டாத அந்த மாப்பிள்ளை!

"எனக்கு ஒரு பொண்ணு பார்த்தாங்க. மீனாட்சின்னு பேரு, அப்பா யாரு ஆத்தா யாருன்னுகூட நான் பார்த்ததில்லை. அது இந்த மலையில ஏறிட்டு வந்து என்னை வேணாம்னு சொல்லப் போகுதாம். டவுன் முழுக்கச் சிரிக்கிறானுங்க. கடைக்கு வர்றவன் எல்லாம், 'என்ன ராஜு, மலை எவ்வளவு உயரம்?'னு கேக்கறான். அதான் ஊரை மாத்திச் சொல்லிட்டு வந்தேன், பேரை மாத்தத்தான் மறந்துட்டேன். பாதி மலையில உட்கார வச்சிட்டேன் பார்த்தீங்களா? முறுக்குலயே! இனி அது எப்படி வேணாம்னு சொல்லும்?"

ரோஸ்மேரியை நான் என்று நினைத்துவிட்டார்! என்னை யாரென்று நினைத்தார் என்பது அப்போதும் எனக்கு விளங்கவில்லை. கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. ரெண்டையும் அடக்கிக்கொண்டு, "அந்தப் பொண்ணு ஏறியிருந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

அவர் மழையைப் பார்த்தார். "இந்த மழையிலயா? ஏறியிருந்தா, அது வேணாம்னு சொன்னாலும் நியாயம்தான் அக்கா. அவ்வளவு வைராக்கியம் இருக்கிறவ சொல்லட்டும்."

கடைசிப் பாறை வந்தது. கை நீட்டினார். நான் பிடிக்கவில்லை. வேரைப் பிடித்து, முட்டியைத் தேய்த்து, நானாகவே ஏறி நின்றேன். உச்சியில் நின்றால் கடல் தெரியும், மலாக்கா தெரியும், கப்பல் தெரியும் என்றெல்லாம் சொல்லியிருந்தார்கள். எனக்கு என் கால் கட்டைவிரல் தெரியவில்லை. எங்கு பார்த்தாலும் சோற்றுக் கஞ்சி மாதிரி மூட்டம். இருக்கட்டும். ஏறிவிட்டேன்.

"என் பேரு மீனாட்சி," என்றேன்.

"எந்த மீனாட்சி அக்கா?"

"நீங்க முறுக்கு கொடுத்து உட்கார வச்சது டிரெஸ்ஸர் ஐயா மகள். நாந்தான் மீனாட்சி."

அவர் என்னைப் பார்த்தார். நெற்றியைப் பார்த்தார், வெறும் கையைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார். "அப்போ... செத்தது யாரு?"

"யாரும் சாகலையே."

"அந்த மூணு?"

"அட்டை!"

"பின்ன எதுக்குங்க இந்த வெள்ளைச் சேலை?"

"வெள்ளை ஏரியாவுக்கு வேற எந்தக் கலர்ல வர்றது?" என்றேன், தலையை நிமிர்த்தி.

முதலில் சிரித்தவர் பாக் ஹசான். அப்புறம் இந்த மனுஷர் பாறையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மழையில் புரண்டு சிரித்தார். சிரித்து முடித்து, வெள்ளை ஏரியா என்றால் என்ன என்று விளக்கினார். மலாக்கா மாநிலத்தின் தலைக்கு மேலே, மேகத்துக்குள்ளே நின்று, ஒரு ஆம்பிளையிடம் எனக்குத் தெரியாத ஒன்றை நான் தெரிந்துகொண்டேன். நான் அழவில்லை. மழை பெய்தது. கன்னத்தில் தண்ணீர் இருந்திருக்கலாம்.

"சரி, ஏறிட்டீங்க," என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. இப்போது அக்கா இல்லை. "என்ன முடிவு?"

"அதை எங்க அப்பாகிட்டத்தான் சொல்வேன்."

இறங்குவது ஏறுவதைவிடக் கொடுமை. பாதி தூரம் உட்கார்ந்தே வந்தேன். சேலையில் வெள்ளை என்று சொல்ல ஒரு முழம்கூட மிச்சமில்லை. காற்று எலும்புக்குள் போனது. தங்கராஜு தன் மழைக்கோட்டைக் கழற்றி நீட்டினார். வாங்கினால் சம்மதம் என்று ஆகிவிடுமே! வாங்கவில்லை. கீழே வந்ததும் அப்பாவின் கம்பளியைத் தேடினேன். ரோஸ்மேரி அதைச் சுற்றிக்கொண்டு லாரியில் தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்கு வேண்டும் என்று கேட்டால் எழுப்பித் தந்திருப்பார்கள். கேட்கவில்லை.

பொழுது சாய லயத்து வாசலில் லாரி நின்றது. எல்லாரும் கூடியிருந்தார்கள். நான் இறங்கினேன். அம்மா என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, "ஐயோ, தாலி ஏறுறதுக்கு முன்னாடியே அறுத்துட்டு வந்து நிக்கறாளே!" என்று ஒப்பாரியை எடுத்தாள். அம்மாக்கண்ணு அக்கா, "ஏண்டி, இதுவா நீ அவிச்ச புட்டு?" என்றார். பின்னாலேயே சைக்கிளில் வந்து இறங்கியவரை யாருக்கும் தெரியவில்லை.

"உச்சியில நின்னுச்சு. என் கண்ணால பார்த்தேன்," என்றார் பாக் ஹசான்.

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் வாக்குத் தவறாத மனுஷர். துண்டைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு, சபையில் கேட்கிற மாதிரி கேட்டார். "சரி. ஏறிட்டே. இப்போ நீ சொல்லு. மலாக்கா மாப்பிள்ளை வேணுமா, வேணாமா?"

அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் நான் மலை ஏறினேன். இறங்குகிற வழியெல்லாம் யோசித்து முடிவும் செய்திருந்தேன். வாயைத் திறந்தேன். குளிரில் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தந்தி அடித்தன.

"வே... வே... வே... வே..."

"முழுசா சொல்லு தாயி!"

"வே... வே... வே..."

அதற்கு மேல் ஒரு எழுத்து வரவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. மூன்று நாள் காய்ச்சல். டிரெஸ்ஸர் ஐயா கசப்பு மருந்தாகக் கொடுத்துக்கொண்டே இருந்தாராம். நாலாம் நாள் கண்ணைத் திறந்தபோது வெற்றிலை பாக்கு மாற்றி, தை மாசத்துக்கு நாளும் குறித்திருந்தார்கள். "வேணும்னுதான் சொன்னா, 'ணு' என் காதில விழுந்துச்சு," என்று அப்பா சத்தியம் செய்தார். "இல்லை, 'ணா'தான் விழுந்துச்சு," என்று அம்மாக்கண்ணு அக்கா சண்டைக்கே போனாராம். என்னிடம் மறுபடி யாரும் கேட்கவில்லை. கேட்காதவர்களுக்கு நானாகப் போய்ச் சொல்வேனா?

கல்யாணம் நடந்தது. நாலு பிள்ளைகள், ஒன்பது பேரப்பிள்ளைகள். எங்கள் குடும்பத்தில் யாரும் வேணும் என்றும் சொல்வதில்லை, வேணாம் என்றும் சொல்வதில்லை. "காப்பி ஊத்தட்டுமா?" என்றால் "வே வே வே" என்கிறார்கள், சின்னது வரைக்கும். வீட்டுக்கு வந்த மருமகள்கள் முதல் மாசம் பயந்தே போனார்கள். அறுபதாம் கல்யாணத்தில் மண்டபம் நிறைய ஆள், மேளக்காரர் கொட்டத் தயாராக இருக்கிறார். இந்த மனுஷர் தாலியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டாமல் நிறுத்தி, "இன்னைக்காவது சொல்லு மீனாட்சி, அன்னைக்கு என்ன சொல்ல வந்தே?" என்றார். நான் எதுவும் சொல்லத் தேவை இருக்கவில்லை. மண்டபமே சேர்ந்து "வே வே வே" என்றது.

வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது கேட்டுவிடுவார். நானும் பிடி கொடுத்ததில்லை. இப்போது அவருக்குக் காது ரெண்டும் அடைத்துவிட்டது. நேற்று சாயங்காலம் வாசலில் உட்கார்ந்திருந்தோம், மழை வந்தது. யாரும் கேட்காமலே, நானாகவே, அந்த வார்த்தையை முழுசாகச் சொன்னேன்.

"என்னது?" என்றார்.

"காப்பி ஆறுதுன்னு சொன்னேன்," என்றேன்.